மில்லிகன் எண்ணெய்த்துளி: விடை 1.60-க்குப் பதில் 1.99 வருது, தப்பு எங்கே?

#1 துளிர்

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராக்டிகலில் மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனை. துளியை ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல விழவிட்டு, மின்புலத்தால ஏத்தி, எலக்ட்ரானோட மின்னூட்டத்தை அளக்கிறது; 1.60 × 10⁻¹⁹ கூலும் வரணும். ரீடிங் ஒழுங்காத்தான் இருக்கு. கடைசி விடை மட்டும் 24% கூடுதலா வருது.

பிளேட் இடைவெளி 7.6 மி.மீ. வோல்டேஜ் 500. மினரல் ஆயில், அடர்த்தி 886 கி.கி./மீ³. அறை வெப்பம் 30 டிகிரி. காற்றின் பாகுநிலை எண் (துளியைக் காற்று எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு) 1.86 × 10⁻⁵ பாஸ்கல் நொடி. துளி கடக்கிற தூரம் 0.5 மி.மீ.

எல்லாம் ஒரே துளி. புலம் இல்லாம விழ சராசரி 15.2 நொடி. புலம் போட்டு ஏற முதல்ல 15.0 நொடி. அயனியாக்க லீவரை (துளியோட மின்னூட்டத்தை மாத்துறது) திறந்து மூடின பிறகு 5.05. இன்னொரு தடவை திறந்து மூடின பிறகு 3.0.

ஸ்டோக்ஸ் விதியில (காற்று துளியைத் தடுக்கிற விசையைச் சொல்ற விதி) போட்டா மின்னூட்டம் 1.99, 3.96, 6.00 (எல்லாமே × 10⁻¹⁹ கூலும்). 1, 2, 3 மடங்கா அழகா வருது. ஆனா அந்த ஒரு மடங்கு 1.60 இல்லாம 1.99-ல நிக்குது. மூணு பேர் தனித்தனியா கணக்குப் போட்டும் இதே விடைதான். வோல்ட்மீட்டர் தப்பு காட்டுதா?

#2 ஆய்வகம்88

வோல்ட்மீட்டரை விடுங்க. 1.99 வோல்ட்மீட்டராலதான் வந்ததுன்னா, 500 காட்டுறப்போ பிளேட்ல உண்மையில 620 வோல்ட் இருக்கணும். அவ்வளவு பெரிய கோளாறு சும்மா ஒளிஞ்சு கிடக்காது.

கன்னிங்ஹாம் திருத்தத்தை விட்டுட்டீங்க. வேற எதுவும் இல்ல.

ஸ்டோக்ஸ் விதி காற்றை இடைவெளியே இல்லாத ஒரு பாய்மமா எடுத்துக்குது. உங்க துளியோட ஆரம் அரை மைக்ரான் சுமார். காற்று மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவுல போற சராசரித் தூரம் கிட்டத்தட்ட 0.07 மைக்ரான். துளியோட ஆரத்துல ஏழெட்டுல ஒரு பங்கு. அதனால துளி மூலக்கூறுகளுக்கு நடுவே வழுக்கிட்டுப் போகுது, ஸ்டோக்ஸ் சொல்றதைவிட வேகமா விழுது. நீங்க அந்த வேகத்தைப் பார்த்து "பெரிய துளி"ன்னு கணக்குப் போட்டுட்டீங்க. எடை ஆரத்தோட மும்மடியைப் பொறுத்தது. ஆரத்துல 7% ஏறினா எடையில 24% ஏறும்.

சரி பண்ற முறை:

முதல்ல ஸ்டோக்ஸ் ஆரம். 9 × பாகுநிலை × விழும் வேகம், இதை 2 × புவிஈர்ப்பு முடுக்கம் × அடர்த்தி வித்தியாசத்தால வகுத்து வர்க்கமூலம். விழும் வேகம் 3.29 × 10⁻⁵ மீ./நொடி. ஆரம் 0.564 மைக்ரான் வரும். நீங்க இதோட நிறுத்திட்டீங்க.

அடுத்து திருத்த மாறிலி 8.2 × 10⁻³ பாஸ்கல் மீட்டர். அதை காற்றழுத்தத்தோட இரண்டு மடங்கால வகுங்க. 1.008 × 10⁵ பாஸ்கல்னு வச்சா 0.0407 மைக்ரான்.

0.564-ஓட வர்க்கத்தையும் 0.0407-ஓட வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 0.5655. அதிலிருந்து 0.0407-ஐக் கழிச்சா 0.525 மைக்ரான். இதுதான் உண்மையான ஆரம். மத்ததெல்லாம் பழையபடியே போடுங்க.

#3 துளிர்

ரொம்ப நன்றி சார். இப்போ 1.60, 3.19, 4.83 வருது. 1, 2, 3-ஆல வகுத்தா 1.60, 1.60, 1.61.

ஒரு சந்தேகம். விதியே தப்பா இருந்தப்பவும் 1, 2, 3 மடங்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?

#4 பொன்னி

துளிர், இந்தச் சோதனையிலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

உங்கள் நான்கு நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாகுநிலை வேண்டாம், அடர்த்தி வேண்டாம், வோல்டேஜும் வேண்டாம். விழும் நேரத்தின் தலைகீழியோடு ஏறும் நேரத்தின் தலைகீழியைக் கூட்டுங்கள்.

15.2-உம் 15.0-உம்: 0.1325
15.2-உம் 5.05-உம்: 0.2638
15.2-உம் 3.0-உம்: 0.3991

விகிதம் 1 : 1.99 : 3.01. துளி அதேதான், மின்புலமும் அதேதான். மாறியது மின்னூட்டம் மட்டுமே. எனவே இந்த எண்களின் விகிதமே மின்னூட்டங்களின் விகிதம். காற்று துளியை எந்த விதிப்படி தடுத்தாலும், வேகத்துக்கு நேர்விகிதத்தில் தடுத்தால் போதும், இந்த விகிதம் குலையாது. மின்னூட்டம் துண்டு துண்டாகத்தான் வருகிறது என்பதற்கு ஒரு கடிகாரமும் ஒரு கோடுபோட்ட கண்ணாடியும் போதும். அந்தத் துண்டு எவ்வளவு பெரியது என்று கேட்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது.

இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை மில்லிகன் தெளிவாக உணர்ந்திருந்தார். அவருக்கு முன் 1903-ல் எச்.ஏ. வில்சன் நீராவி மேகத்தை வைத்து அளந்தார். மேகத்தின் மேல்விளிம்பு புலம் இல்லாமலும் புலத்தோடும் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது அவர் முறை. மேகத்தில் துளிகள் ஒரே அளவில் இருக்காது, ஒரே மின்னூட்டமும் இருக்காது, நீர் ஆவியாகிக்கொண்டே வேறு இருக்கும். கிடைப்பது சராசரிதான். சராசரியை வைத்து "எல்லா எலக்ட்ரானும் ஒரே அளவா?" என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

1909-ல் சிகாகோவில் மில்லிகன் வில்சனைவிட மிகக் கூடுதலான வோல்டேஜை மேகத்தின் மேல் போட்டார். மேகம் கலைந்தது. ஆனால் சில தனித்துளிகள் மட்டும் எடைக்கும் மின்விசைக்கும் நடுவே அந்தரத்தில் நின்றன. தனித்துளி வழி அங்கேதான் திறந்தது. நீர்த்துளி விரைவிலேயே ஆவியாகிவிடும் என்பதால் எண்ணெய்க்கு மாறினார்கள். ஒரு துளியை மணிக்கணக்கில் மேலும் கீழும் ஓட்டலாம். அதே துளி மின்னூட்டத்தை ஏற்பதையும் இழப்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

அதைப் பார்ப்பது தனி அனுபவம். கருப்புப் பின்னணியில் ஒரு வெள்ளிப்புள்ளி நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில், யாரும் எதையும் தொடாமல், சட்டென்று மூன்று மடங்கு வேகம் எடுக்கும். அந்த நொடியில் ஒரே ஒரு எலக்ட்ரான் இடம் மாறியிருக்கிறது.

#5 கேள்விக்குறி

சோதனை அழகுதான். ஆனா மில்லிகன் பிடிக்காத துளிகளைத் தூக்கிப்போட்டவர்னு சொல்றாங்களே. 1913 கட்டுரையில 58 துளி. "தேர்ந்தெடுத்த துளிகள் அல்ல, தொடர்ந்து 60 நாளில் சோதித்த எல்லாத் துளிகளும்"ங்கிற பொருள்ல அழுத்தமா எழுதியிருக்கார். நோட்டுப்புத்தகத்துல அதைவிட நிறைய இருக்கு. இதை எப்படி எடுத்துக்கிறது? இன்னொண்ணு, எண்ணெய் யோசனை அவரோட மாணவர் ஃப்ளெட்சரோடதுன்னும் படிச்சேன்.

#6 பொன்னி

இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

நோட்டுப்புத்தகங்களில் இருப்பவை 175 துளிகள். முதல் 68 துளிகள் 1912 பிப்ரவரி 13-க்கு முந்தையவை. அவற்றைக் கருவி இன்னும் முழுமையாகச் சீராகாத காலத்தவை என்று விட்டுவிடலாம். அதற்குப் பின் ஏப்ரல் 16 வரை 107 துளிகள். வெளியானவை அதில் 58. ஆகவே "எல்லாத் துளிகளும்" என்ற வாக்கியம் எழுதப்பட்டபடி உண்மை இல்லை. அதை மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் விட்ட துளிகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இயற்பியல் வரலாற்றை ஆராய்ந்த ஆலன் ஃப்ராங்க்ளின் மறுபடி கணக்கிட்டுக் காட்டினார். எலக்ட்ரானின் மதிப்பு பெரிதாக நகரவில்லை, பிழைவரம்பு மட்டும் சற்று விரிகிறது. விடப்பட்டவற்றில் பல, ஏற இறங்கப் போதிய ரீடிங் கிடைப்பதற்குள் கைநழுவிய துளிகள். சில மிகச் சிறியவை, சில மிகப் பெரியவை. நோட்டின் ஓரத்தில் "அழகு, வெளியிட வேண்டும்" என்ற வகைக் குறிப்புகள் இருப்பதும் உண்மை. விடையைப் பார்த்துத் துளியைத் தேர்ந்த தருணங்களும் இருந்தன என்பதற்கு அது சான்று. என் கணிப்பு: விடை மோசடியில்லை, அந்த வாக்கியம் தவறு. விடும் அளவுகோலை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், உதாரணமாக "இத்தனை நொடிக்குக் குறைவாக விழும் துளிகள் சேர்க்கப்படவில்லை" என்று.

ஹார்வி ஃப்ளெட்சர். நீரைத் தவிர்க்கும் வழி 1909-ல் வின்னிப்பெக் மாநாட்டிலிருந்து ரயிலில் திரும்பும்போது தோன்றியது என்று மில்லிகன் எழுதினார். ஃப்ளெட்சரின் நினைவுக்குறிப்பு, அவர் 1981-ல் இறந்த பிறகு வெளியானது, வேறு மாதிரிச் சொல்கிறது: மருந்துக்கடையில் வாசனைத் தெளிப்பான் வாங்கி, கடிகார எண்ணெயை அடித்து முதல் கருவியை ஓட்டியவர் அவரே. எண்ணெய்த்துளி பற்றிய 1910 கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும். பிரௌனியன் இயக்கம் (மூலக்கூறுகள் முட்டுவதால் நுண்துகள் தற்போக்கில் ஆடுவது) பற்றிய கட்டுரை ஃப்ளெட்சரின் முனைவர் பட்டத்துக்காக அவர் பெயரில் மட்டும். பட்டத்துக்கு மாணவர் தனியாக எழுதிய கட்டுரை வேண்டும் என்பதால் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள். 1923 நோபல் பரிசு மில்லிகனுக்கு மட்டும். ஃப்ளெட்சர் மனத்தாங்கல் இல்லாமல்தான் எழுதியிருக்கிறார். அதற்காக நாம் அவர் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் "மில்லிகன்–ஃப்ளெட்சர் சோதனை" என்று போடுவதே நியாயம்.

#7 சுழியம்

துளிர், ஒவ்வொரு நேரத்துக்கும் எத்தனை ரீடிங் எடுத்தீர்கள்? 1.60, 1.60, 1.61 என்ற நெருக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

0.525 மைக்ரான் துளியை மூலக்கூறுகள் இடைவிடாமல் முட்டுகின்றன. 30 டிகிரியில் இதன் விரவல் எண் ஏறத்தாழ 2.6 × 10⁻¹¹ மீ²/நொடி. 15.2 நொடியில் துளி மேலோ கீழோ தற்போக்கில் நகரும் தூரம் சுமார் 0.028 மி.மீ. நீங்கள் அளக்கும் தூரமே 0.5 மி.மீ. அதாவது, உங்கள் கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒவ்வொரு விழும் நேரமும் 5–6% ஆடும், நொடிக் கணக்கில் ஏறத்தாழ 0.85. ஒரு தடவை 14.4, அடுத்த தடவை 16.1 என்று வந்தால் பதற வேண்டாம். அதுதான் இயல்பு.

5 ரீடிங் சராசரி என்றால் 2.5%. 20 ரீடிங் என்றால் 1.25%. பத்துக்குக் குறைந்தால் இந்தத் துளியிடம் இரண்டாம் தசமத்தைக் கேட்காதீர்கள்.

இன்னும் சிறிய துளி எடுத்தால் இது மோசமாகும். பெரிய துளி எடுத்தால் வேறு சிக்கல். 5 நொடியில் விழும் துளியை 500 வோல்ட் தூக்கவே குறைந்தது மூன்று எலக்ட்ரான் தேவைப்படும். மின்னூட்டம் 9 மடங்கா 10 மடங்கா என்று பிரிக்க 10%-க்கும் நன்றாகக் குறைந்த பிழை வேண்டும். 3 நொடியில் ஏறும் ஓட்டத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தும் தாமதம் 0.15 நொடி என்றால் அதிலேயே 5% போய்விடும். 10 முதல் 20 நொடியில் விழுந்து, ஒன்று முதல் மூன்று எலக்ட்ரான் சுமக்கும் துளிதான் மாணவர் கருவிக்குச் சரி.

மில்லிகனின் கருவியில் குறுக்கு இழைகளுக்கு நடுவே துளி கடந்த தூரம் சுமார் 1 செ.மீ., உங்களுடையதைவிட 20 மடங்கு. தூரம் 20 மடங்கானால் இந்த ஆட்டத்தின் விழுக்காடு நாலரையில் ஒரு பங்காகக் குறையும். அவருடைய கருவி பெரிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு பலன்.

#8 ஆய்வகம்88

சுழியம் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கங்க. கருவிப்பக்கம் தப்பு நடக்கிற இடங்களைச் சொல்றேன்.

*தெளிப்பு.* ஒரு அமுக்கு போதும். அதுக்கப்புறம் ரொம்ப மெதுவா ஒரு அமுக்கு, காற்று மட்டும் துளிகளை உள்ள தள்ளற மாதிரி. நாலஞ்சு தடவை அமுக்கினா வியூ முழுக்க பனிமூட்டமாயிடும், மேல் பிளேட்டோட ஓட்டையும் அடைச்சுக்கும். துளியே வரலேன்னா பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இந்த ஓட்டைதான். மெல்லிய ஊசியால குத்தி, பிளேட், ஸ்பேசர் (ரெண்டு பிளேட்டையும் பிரிச்சு வைக்கிற துண்டு), லென்ஸ் மூணையும் பஞ்சு படாத துணியால துடைங்க. வோல்டேஜை அணைச்சு, வயரைக் கழட்டின பிறகுதான் கை வைக்கணும்.

*லெவல்.* துளி ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பக்கமா நகர்ந்து ஃபோகஸை விட்டுப் போகுதா? பப்பிள் லெவலைப் பாருங்க. புலம் செங்குத்தா இல்லேன்னா பக்கவாட்டு விசை வரும். லெவல் சரியா இருந்தும் நகர்ந்தா உள்ள காற்று ஓடுது. மூடி சரியா உட்காரல, இல்லேன்னா விளக்குச் சூடு. பழைய ஹாலஜன் விளக்கு இருந்தா முதல்ல எல்.இ.டி.க்கு மாத்துங்க. மில்லிகனே வில்விளக்கோட ஒளியை 80 செ.மீ. நீளத் தண்ணீர் வழியாவும், குப்ரிக் குளோரைடு கரைசல் வழியாவும் செலுத்தி, சூட்டை வடிகட்டின பிறகுதான் உள்ள விட்டார்.

*ஸ்பேசர் தடிமன்.* மைக்ரோமீட்டர்ல நீங்களே அளங்க. விளிம்புல மேடு இருக்கும் சில ஸ்பேசர்ல, அந்த மேட்டைச் சேர்த்து அளந்துடாதீங்க. இங்க 2% தப்புனா விடையிலயும் 2%.

*கண்ணாடிக் கோடு.* கட்டம் 0.5 மி.மீ.ன்னு கையேடு சொல்றதை நம்பாம ஒரு தடவை ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வச்சு சரிபாருங்க. தூரத்துல 2% தப்பு விடையில 3% ஆகும், ஒன்றரை மடிங்கறதால.

*வெப்பம்.* இதுலதான் அதிகம் பேர் விழறாங்க. புத்தகத்துல 20 டிகிரிக்குக் குடுத்திருக்கிற 1.81 × 10⁻⁵-ஐ அப்படியே போட்டுடறாங்க. நம்ம ஊர் அறை 32 டிகிரின்னா 1.87 கிட்ட வரும். திரவத்துக்கு சூடு ஏறினா பாகுநிலை குறையும், காற்றுக்கு ஏறும். இந்த ஒரு கவனக்குறைவுல விடை கிட்டத்தட்ட 5% குறையும். அறை வெப்பமானியையும் நம்பாதீங்க, விளக்குப் பக்கத்துல உள்ளறை சூடாத்தான் இருக்கும். தெர்மிஸ்டர் (வெப்பத்தைக் காட்டுற மின்தடை) இருந்தா அரை மணிக்கு ஒரு தடவை அட்டவணையோட ஒப்பிடுங்க.

*எண்ணெய்.* குப்பி தீர்ந்து வேற மினரல் ஆயில் ஊத்தினா 25 மி.லி. அடர்த்திக் குப்பியில அடர்த்தி பார்க்காம விடக்கூடாது. 4% தப்புனா விடையில 2% வரும்.

*வேகமான சோதனை.* உங்க துளி ஒரு எலக்ட்ரானோட இருக்கும்போது வோல்டேஜைக் குறைச்சுக்கிட்டே வந்தா 249 வோல்ட் பக்கம் அந்தரத்துல நிக்கணும். ரெண்டு எலக்ட்ரான்னா 124. மூணுன்னா 83. நேரம் எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துட்டா எத்தனை எலக்ட்ரான்னு சந்தேகமே வராது. ஆனா நிக்குதா இல்லையான்னு கண்ணால முடிவு பண்றதுல பிரௌனியன் ஆட்டம் குழப்பும், அதனால இதை விடையா எழுதாம சரிபார்க்க மட்டும் வச்சுக்கங்க.

#9 கேள்விக்குறி

பயனுள்ள பதிவு சார். மில்லிகனோட சொந்த மதிப்புக்கு வருவோம். அவர் விடை குறைவு, பின்னாடி வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனாங்க, ஏன்னா பெரியவர் மதிப்பை விட்டு ரொம்ப விலகப் பயந்தாங்கன்னு இயற்பியலாளர் ஃபைன்மன் 1974 கால்டெக் உரையில சொல்றார். எவ்வளவு குறைவு? காரணம் என்ன?

#10 பொன்னி

மில்லிகன் 1913-ல் தந்தது, அன்றைய நிலைமின் அலகில், 4.774 × 10⁻¹⁰. கூலுமில் 1.592 × 10⁻¹⁹. இன்றைய மதிப்பு 1.602. குறைவு 0.6%. அவர் சொன்ன பிழைவரம்பு 0.2%. அதாவது உண்மை அவர் போட்ட எல்லைக்கு வெளியே நின்றது.

குறை கருவியில் இல்லை. அந்தக் கருவியைப் பாருங்கள்: 22 செ.மீ. விட்டமுள்ள பித்தளைத் தகடுகள், சோடியம் ஒளியின் இரண்டு அலைநீளத்துக்குள் சமதளமாகத் தேய்க்கப்பட்டவை. நடுவே 14.9174 மி.மீ. தடிமனுள்ள மூன்று சிறு கண்ணாடித் துண்டுகள். முழுவதும் 40 லிட்டர் எண்ணெய்த் தொட்டிக்குள், ஒரு துளியைக் கவனிக்கும் நேரத்தில் வெப்பம் 0.02 டிகிரிக்கு மேல் ஆடாதபடி. துளிருக்கு விடுபட்ட திருத்தத்தை மில்லிகன் விடவில்லை, அதைத் தானே அளந்தார். காற்றழுத்தத்தை 76 செ.மீ. பாதரசத்திலிருந்து 5 செ.மீ.க்கும் கீழே வரை மாற்றி, ஸ்டோக்ஸ் விதிப்படி கிடைத்த மின்னூட்டத்தின் மூன்றில் இரண்டு மடியை, அழுத்தமும் ஆரமும் பெருக்கியதன் தலைகீழிக்கு எதிராக வரைந்தார். நேர்கோடு வந்தது. கோடு அச்சை வெட்டும் இடம் திருத்தமே தேவைப்படாத மின்னூட்டம். அற்புதமான வேலை அது.

குறை, அவர் வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு எண்ணில் இருந்தது. 23 டிகிரியில் காற்றின் பாகுநிலை 1.824 × 10⁻⁵ என்று எடுத்தார். சரியானது 1.832 பக்கம். 0.4% வித்தியாசம். மின்னூட்டம் பாகுநிலையின் ஒன்றரை மடியைப் பொறுத்தது, அதனால் 0.6%.

இதை எண்ணெய்த்துளியால் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா எண்ணெய்த்துளியும் அதே காற்றில்தான் விழுகிறது. 1928-ல் உப்சாலாவில் எரிக் பேக்லின், கோடிட்ட கீற்றணியால் எக்ஸ் கதிர் அலைநீளத்தை நேரடியாக அளந்தார். அதிலிருந்து படிக இடைவெளி, அதிலிருந்து அவகாட்ரோ எண், ஃபாரடே மாறிலியை அதனால் வகுத்தால் எலக்ட்ரான் மின்னூட்டம். காற்றே இல்லாத வழி. 4.79-க்கு மேல் வந்தது. சில ஆண்டுகள் இரண்டு முகாம்கள் மோதின. 1935-ல் அதே உப்சாலாவில் குன்னர் கெல்ஸ்ட்ரோம் காற்றின் பாகுநிலையைப் புதிதாக அளந்தார். பழைய எண் குறைவு என்று தெரிந்தது. புதிய எண்ணை மில்லிகனின் பழைய ரீடிங்கில் போட்டதும் அது எக்ஸ் கதிர் மதிப்போடு ஒத்துப்போயிற்று. துளிகள் சரியாகவே விழுந்திருந்தன.

ஃபைன்மன் சொன்ன படிப்படியான ஏற்றத்தை அன்றைய தொகுப்பு மதிப்புகளில் என்னால் பார்க்க முடியவில்லை. இயற்பியல் மாறிலிகளைத் தொகுத்துவந்த பர்ஜ் 1929-ல் தந்த மதிப்பு 4.770, மில்லிகனைவிடக் கீழே. அவரே 1941-ல் தொகுத்தது 4.8025. நடுவே நடந்தது ஒரே தாவல், அதற்குக் காரணம் வேறொரு முறையின் வருகை. அதே 1941-ல் மெல்போர்னில் ஹாப்பரும் லேபியும் கிடைமட்டப் புலத்தோடு எண்ணெய்த்துளியை மறுபடி ஓட்டினார்கள், 4.802. மாணவர்களுக்கு ஃபைன்மன் சொன்ன எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை, அதில் எனக்கு முழு உடன்பாடு. எடுத்துக்காட்டு மட்டும் வரலாற்றோடு ஒட்டவில்லை.

#11 துளிர்

அப்போ மில்லிகனுக்கு வந்த தப்பும் எனக்கு வந்த தப்பும் ஒரே இடத்துல, காற்றுல.

இன்னொரு கேள்வி மேடம். எலக்ட்ரானைவிடச் சின்ன மின்னூட்டம் கிடைச்சதா வியன்னாவுல ஒருத்தர் சொன்னாரே, ஏரன்ஹாஃப்ட். அவரோட தப்பு என்ன?

#12 சுழியம்

இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபெலிக்ஸ் ஏரன்ஹாஃப்ட் 1910 முதல் "உப எலக்ட்ரான்" இருப்பதாக வாதிட்டார். திறமையான சோதனையாளர், ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் பெரும்பாலும் எடுத்தது எண்ணெய் அல்ல, தங்கம், வெள்ளி, பாதரசம் போன்ற உலோகங்களின் மிக நுண்ணிய துகள்கள். அங்கே மூன்று பொறிகள் சேர்ந்து நிற்கின்றன.

முதலாவது அடர்த்தி. வெள்ளித் துகளுக்குக் கட்டி வெள்ளியின் அடர்த்தியைப் போட்டார். மின்வில்லில் உருவாகும் துகள் நெருக்கமான உருண்டையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, பஞ்சு போலத் திரண்டதாகவும் இருக்கலாம். கணக்கில் மின்னூட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக வரும். உண்மை அடர்த்தி நீங்கள் போட்டதில் கால்பங்கு என்றால் மின்னூட்டம் பாதியாகத் தெரியும். அரை எலக்ட்ரான் தயார்.

இரண்டாவது வடிவம். உருண்டையாக இல்லாத துகள் மெதுவாக விழும், ஆரமும் எடையும் குறைவாகத் தெரியும், மின்னூட்டமும் குறையும்.

மூன்றாவது அளவு. 0.1 மைக்ரான் ஆரமுள்ள துகளுக்குக் கன்னிங்ஹாம் திருத்தம் 80%-ஐத் தொடும். திருத்தமே அவ்வளவு பெரிதானால் ஆய்வகம்88 தந்த எளிய வடிவம் போதாது, அடுத்த உறுப்பும் வேண்டும். பிரௌனியன் ஆட்டமும் அங்கே மிகப் பெரிது.

இங்கேதான் எண்ணெயின் அருமை. பரப்பு இழுவிசை அதைக் கச்சிதமான உருண்டையாக்கிவிடும், அடர்த்தி குப்பியில் இருப்பதுதான். பொன்னி சொன்ன நேர விகிதங்களில் அடர்த்தியே வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே துகளின் மின்னூட்டத்தை மாற்றி மாற்றி விகிதம் பார்த்தால் முழு எண்கள்தான் வரும்.

கேள்வி அதோடு மூடிவிடவில்லை. குவார்க் (புரோட்டானுக்குள்ளும் நியூட்ரானுக்குள்ளும் இருக்கும் துகள்) மாதிரியில் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் வந்த பிறகு, தனியாகத் திரியும் குவார்க்கைத் தேடி இதே முறையைத் தானியங்கியாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் பெர்லின் குழு சிலிக்கோன் எண்ணெய்த்துளிகளை வரிசையாக விழவிட்டு, கேமராவால் கோடிக்கணக்கில் அளந்தது. பின்ன மின்னூட்டத்துக்குச் சான்று கிடைக்கவில்லை.

#13 மலைச்சாரல்

ஒரு சிறு சேர்க்கை. திருத்தத்தில் அழுத்தம் நேரடியாக வருகிறது. உதகை போல 2,200 மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில் காற்றழுத்தம் 0.78 × 10⁵ பாஸ்கல் அளவுதான். அங்கே ஒரு துளி துளிருக்கு வந்த அதே 15.2 நொடியில் விழுந்தால் அதன் உண்மையான ஆரம் 0.514 மைக்ரான், 0.525 அல்ல. கடல்மட்ட அழுத்தத்தைப் போட்டால் விடை 6% கூடும். வானிலைச் செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம், அதை எடுக்கக் கூடாது. பாரோமீட்டர் வைத்து அறையிலேயே எடுங்கள்.

#14 ஆய்வகம்88

முக்கியமான விஷயம், நன்றி. ரெக்கார்டு நோட்டுல அழுத்தத்துக்குன்னு ஒரு வரி வச்சுடுங்க எல்லாரும்.

துளிர், ரெக்கார்டுல இன்னொரு பக்கம் சேர்க்க விருப்பம் இருந்தா இதைப் பண்ணுங்க. 2019 மே 20 முதல் எலக்ட்ரான் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும்னு வரையறையாவே நிலைநிறுத்திட்டாங்க, அதுக்குப் பிழைவரம்பே கிடையாது. அப்போ உங்க கணக்கைத் தலைகீழாப் போடலாம். மின்னூட்டத்தைத் தெரிஞ்சதா எடுத்துக்கிட்டு, காற்றோட பாகுநிலையைக் கேளுங்க. ஒவ்வொரு நேரத்துக்கும் 20 ரீடிங், குறைஞ்சது மூணு வேற வேற துளி. பாகுநிலையில வர்ற பிழை மின்னூட்டத்துல வர்றதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால 1%-க்குள்ள பிடிக்கலாம்.

#15 துளிர்

செய்றேன் சார். இருக்கிற ரீடிங்கை வச்சு இப்பவே போட்டுப் பார்த்தேன், 1.86 × 10⁻⁵ வருது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் 6 ரீடிங்தான் எடுத்திருக்கேன். சுழியம் சார் கணக்குப்படி விழும் நேரத்துல மட்டும் 2.3% ஆட்டம் இருக்கும். அதனால இப்போதைக்கு 1.86-க்குப் பக்கத்துல ± 0.03 போட்டு வச்சிருக்கேன். வியாழக்கிழமை லேப்ல 20 எடுத்துட்டு இங்கேயே போடறேன்.